கல்லூரி செட்டின் வாழ்க்கைச் செய்திகளைத் திரட்டித் தொகுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ பட்டப்படிப்பு முடித்துப் பிரிந்த ஒரு வகுப்பில், இருபது முப்பது வருஷம் கழித்து யாராவது ஒருவர் கேட்பார்: "நம்ம செட்டு ஆளுக எல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு ஒரு கணக்கு எடுத்துருவோமா?" அந்தக் கணக்கை எடுத்து முடிக்கும் முறையை இங்கே வரிசையாகத் தருகிறோம். முடிவில் கையில் இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். ஒன்று, ஆளுக்கு ஒரு பக்கம் வீதம் எல்லோரும் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும் தொகுப்பு. மற்றொன்று, சரிபார்த்த தொடர்புப் பட்டியல்.

60 பேர் கொண்ட வகுப்புக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். பட்டியலுக்கு மூன்று வாரம், ஆள் தேட இரண்டு மாதம், செய்தி வாங்க இரண்டு மாதம், மீதி நாள்கள் திருத்தத்துக்கும் ஒப்புதலுக்கும் அச்சுக்கும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் நாளே வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் வாரம் கலகலப்பாக இருக்கும். அமெரிக்காவில் வீடு வாங்கியவர், டி.எஸ்.பி. ஆனவர், மகனை மருத்துவம் சேர்த்தவர் என்று நாலைந்து பேர் எழுதுவார்கள். அதைப் படித்த மற்றவர்கள் வாழ்த்துப் படம் அனுப்பிவிட்டு வாய்மூடிக்கொள்வார்கள். பிறகு அந்தக் குழுவில் காலை வணக்கமும் அரசியல் பார்வேர்டும் மட்டுமே ஓடும். ஆகவே இந்த வரிசையில் குழு கடைசிக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. செய்தி ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனியாகத்தான் வாங்கப்பட வேண்டும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒருவராகத் தொடங்காதீர்கள், நான்கு பேர் போதும். ஒருவர் திருநெல்வேலியிலோ பாளையங்கோட்டையிலோ குடியிருப்பவர். கல்லூரி அலுவலகத்துக்கும் கிராமங்களுக்கும் நேரில் போகிற வேலை அவருடையது. ஒருவர் ஹாஸ்டல், ஒருவர் டே ஸ்காலர். இந்த இரண்டு கூட்டமும் ஒரே வகுப்பில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று தெரிந்தது குறைவு. நான்காமவர் வெளிநாட்டில் இருப்பவர். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த வகுப்பென்றால் நால்வரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது கட்டாயம். காரணம் நான்காம் படியில் வருகிறது.

இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று திறந்து, கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கைபேசியில் மட்டும் எல்லாம் இருந்தால், அந்தக் கைபேசி பழுதாகும் நாளில் அத்தனை பேருடைய செய்தியும் போய்விடும்.

ஒரு எக்செல் தாளில் இந்தக் கட்டங்களைப் போடுங்கள்: வகுப்பு எண், இனிஷியல், பெயர், தகப்பனார் பெயர், படித்த காலத்து ஊர், பின்கோடு, ஹாஸ்டலா டே ஸ்காலரா, பட்டப்பெயர், இப்போதைய எண், கடைசியாகப் பேசிய தேதி, பேசியவர் யார், செய்தி வந்ததா, ஒப்புதல் வந்ததா. பட்டப்பெயர் ஆளை அடையாளம் காண மட்டும்தான். தொகுப்பில் அதை அச்சிடக் கூடாது. பதினெட்டு வயதில் சிரித்துக்கொண்டு ஏற்ற பெயரை ஐம்பது வயதில் மருமகள் படிக்க எவரும் விரும்புவதில்லை.

2. முதலில் பெயர்ப் பட்டியல்

யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடத் தொடங்கினால், எளிதில் கிடைக்கிற 25 பேரோடு வேலை நின்றுவிடும். அந்த 25 பேரும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களாகவே இருப்பார்கள்.

மிகச் சிறந்த ஆதாரம் மூன்றாம் ஆண்டு குரூப் போட்டோ. அட்டையின் அடியில் 'அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் முதல் வரிசை, இரண்டாம் வரிசை, இடமிருந்து வலம்' என்று பெயர்கள் அச்சாகியிருக்கும். அதைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு முகத்தின் மேலும் எண் போட்டுக்கொள்ளுங்கள். அன்று வராதவர்கள் படத்தில் இல்லை என்பதை மறக்க வேண்டாம். அப்படி வராதவர்களில் கட்டணம் கட்ட முடியாமல் ஒதுங்கியவர்களும் உண்டு. எனவே துறை அலுவலகத்தில் நாமினல் ரோலை, அதாவது வகுப்பின் மாணவர் பெயர்ப் பட்டியலை, பார்க்க அனுமதி கேளுங்கள். முதலாம் ஆண்டுப் பட்டியலைக் கேட்பது முக்கியம். இடையில் படிப்பை விட்டவர்கள் அதில்தான் இருப்பார்கள், அவர்களும் செட்டுதான். அடுத்தது ஆட்டோகிராப் நோட்டு. பிரிவு உபசார விழாவன்று எழுதிய கவிதைகளுக்குக் கீழே வீட்டு முகவரி முழுசாக இருக்கும்.

எல்லையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பகுதி 1 தமிழ் வகுப்பில் இரண்டு மூன்று மேஜர்க்காரர்கள் (வெவ்வேறு முதன்மைப் பாடம் எடுத்தவர்கள்) சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் சேர்த்தால் 60 பேர் 150 ஆகிவிடும். முதல் முறை ஒரு மேஜரோடு நிறுத்துங்கள்.

பெயர் விஷயத்தில் நம் பக்கத்துக்கென்று தனிச் சிக்கல் உண்டு. ஒரே வகுப்பில் மூன்று இசக்கிமுத்து, இரண்டு சுடலைமுத்து, நான்கு செல்வராஜ் இருப்பார்கள். இனிஷியலும் ஊரும் சேர்த்தே எப்போதும் எழுதுங்கள். 'பேச்சிமுத்து கிடைச்சாச்சு' என்று ஒருவர் சொல்ல, எந்தப் பேச்சிமுத்து என்று தெரியாமல் ஒருவரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பதிவேட்டில் பெயரோடு சாதிப் பட்டம் இருந்தால் பட்டியலில் அதை எடுத்துவிடுங்கள். குலதெய்வம், கொடை (ஊர்க் கோயில் திருவிழா) நடக்கும் கோயில் ஆகியவற்றையும் எழுதிவைக்காதீர்கள். அந்தக் கட்டம் தாளில் இருந்தாலே ஆளைப் பிரித்துப் பார்க்கிற பார்வை வந்துவிடும்.

பழைய முகவரிகளில் மாவட்டப் பெயர் குழப்பும். 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆயின. இடையில் கட்டபொம்மன், சிதம்பரனார் பெயர்களில் மாவட்டங்கள் இருந்த காலத்து முகவரிகளும் கிடைக்கும். மாவட்டத்தை விட்டுவிட்டுப் பின்கோடைப் பிடியுங்கள். தென்காசி மாவட்டம் பிரிந்த பிறகும் தென்காசி 627811-தான். 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கும் முன் படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகப் பதிவு எண் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடையது. அது ஆள் தேட உதவாது; கல்லூரியின் வகுப்பு எண்ணே போதும்.

3. ஆளைக் கண்டுபிடித்தல்

தெரிந்தவரில் தொடங்கித் தெரியாதவரை நோக்கிப் போங்கள். கிடைத்த ஒவ்வொருவரிடமும் 'வேறு யாரைத் தெரியும்?' என்று பொதுவாகக் கேட்டால் 'யாரையும் தெரியாதே' என்றுதான் பதில் வரும். பட்டியலில் கிடைக்காத மூன்று பெயர்களைச் சொல்லி, 'இந்த மூணு பேரு ஊருல உனக்கு யாரு பழக்கம்?' என்று கேளுங்கள். ஆளை நினைவில்லாதவருக்கும் ஊரில் ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

டே ஸ்காலர்களைத் தேட ரயில் கூட்டத்தைப் பிடிப்பதே குறுக்கு வழி. செங்கோட்டை வண்டியில் கீழக்கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஏறியவர்களும், திருச்செந்தூர் வண்டியில் குரும்பூர், நாசரேத், ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர் என்று ஏறியவர்களும் மூன்று வருஷம் ஒரே பெட்டியில் வந்தவர்கள். வகுப்பில் பேசாதவர்கள்கூட வண்டியில் பேசியிருப்பார்கள். ஒரு பெட்டிக்கு ஒருவர் கிடைத்தால் அந்தப் பாதை முழுக்கக் கிடைத்த மாதிரி.

கிராமத்துக்கு நேரில் போகிறவர் பங்குனி உத்திரத்தை ஒட்டிப் போவது நல்லது. சென்னை, மும்பை, பெங்களூரு என்று போனவர்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்து சேரும் நாள் அது. கொடை நாள்களும் அப்படித்தான். கிறிஸ்தவ ஊர்களில் டிசம்பர் கடைசி வாரம். ஆள் வராவிட்டாலும் அண்ணன் தம்பி வந்திருப்பார், எண் கிடைத்துவிடும். மற்ற நாள்களில் தபால்காரரையும் பழைய பலசரக்குக் கடையையும் விசாரிக்கலாம்.

சமூக ஊடகத்தில் தேடும்போது கிடைக்காததற்கு முக்கியக் காரணம் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது தகப்பனார் பெயர் முன்னால் போய்விடும். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் நம் ஆளைத் தகப்பனார் பெயரால்தான் அழைக்கிறார்கள். லிங்க்டின்னிலும் அந்தப் பெயரே இருக்கும். ஆகவே தகப்பனார் பெயரைப் போட்டும் தேடுங்கள். பட்டியலில் அந்தக் கட்டத்தை வைத்தது இதற்காகவும்தான். பெண்கள் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். இசக்கி என்பதை ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் தொடங்குபவரும் உண்டு, 'ஐ' எழுத்தில் தொடங்குபவரும் உண்டு. இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பழைய தரைவழி எண் கையில் இருந்தால், திருநெல்வேலியின் ஆறு இலக்க எண்களுக்கு முன்னால் 2 சேர்த்து, 0462 போட்டு அழையுங்கள். பெரும்பாலும் இணைப்பு இருக்காது. ஒரு நிமிட வேலை என்பதால் விட வேண்டாம்.

பழைய கைபேசி எண்ணில் எச்சரிக்கை வேண்டும். துண்டித்த எண்ணை 90 நாளுக்குப் பிறகு நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். எண் யாருடையது என்று உறுதியாகும் வரை பெயர் தவிர எந்தச் செய்தியும் அதற்கு அனுப்பாதீர்கள். உறுதி செய்ய ஒரு கேள்வி போதும்: எந்தப் பேராசிரியர் எந்தப் பாடம் எடுத்தார், ஹாஸ்டல் என்றால் எந்த பிளாக்.

இரண்டு மாதத்தில் கிடைக்காதவருக்கு நேரே 'தொடர்பு இல்லை' என்றும் தேதியும் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அறுபதில் ஐம்பது பேர் கிடைத்தால் நல்ல தேடல்தான். அறுபதும் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் ஐம்பது பேரின் ஆர்வமும் ஆறிவிடும்.

4. முதல் பேச்சு

குறுஞ்செய்தி அனுப்புவதைவிட அழைத்துப் பேசுங்கள். இருபது வருஷம் கழித்து வரும் செய்தியைப் பார்த்ததும் கடன் கேட்கவோ, இன்சூரன்ஸ் போடவோ, சங்கிலி வியாபாரத்தில் சேர்க்கவோ வருகிறார் என்ற ஐயம்தான் முதலில் எழும். குரல் கேட்டால் அது பாதி தீரும். மீதியைத் தீர்க்க, பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "நன்கொடை வசூல் இல்ல, சீட்டு இல்ல. நம்ம செட்டு எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு ஒரு புஸ்தகமாத் தொகுக்கோம்."

எடுத்த எடுப்பில் 'ஏலே' போடாதீர்கள். அன்று அப்படிக் கூப்பிட்டிருந்தாலும் இன்று அவர் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாது. அவர் தலைமையாசிரியராக வகுப்பறையில் நிற்கலாம். 'நீங்க' என்று தொடங்குங்கள். அவர் 'ஏலே நீயா!' என்றால் அதன் பிறகு உங்கள் விருப்பம். வீட்டில் வேறு யாராவது எடுத்தால், "மதினி, நான் அண்ணாச்சிகூட காலேஜில படிச்சவன், பாளையங்கோட்டையில இருந்து பேசுதேன்" என்று உறவும் ஊரும் சேர்த்துச் சொன்னால் பேச்சு தடையில்லாமல் நகரும்.

பெண் தோழிகளைப் பெண் ஒருங்கிணைப்பாளரே அழைக்க வேண்டும். பல வீடுகளில் கைபேசி கணவர், பிள்ளைகள் கையிலும் இருக்கும். தெரியாத ஆண் குரல் 'கூடப் படிச்சவன்' என்று கேட்டால் அவருக்குத் தேவையில்லாத விளக்கம் சொல்ல நேரும். முற்பகல் பதினொரு மணிக்கு மேல் நல்ல நேரம். எண்ணை மற்ற ஆண்களுக்குத் தரமாட்டோம் என்பதை அவர் கேட்காமலே சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டு அழைப்புக்கு நேரக் கணக்கு வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். சவூதியில் விடுமுறை வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு; வெள்ளி அரை நாள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் குரல் பதிவு அனுப்பிப் பதில் வாங்குங்கள். அழைப்பை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு விட்டுவிடுவது இங்கே நடக்கும் வீண் தவறு.

முதல் பேச்சில் வேலை, சம்பளம், பிள்ளைகள் மூன்றையும் நீங்களாகக் கேட்காதீர்கள். 'ஊருக்கு எப்ப வந்தீங்க?' என்பது எல்லோராலும் பதில் சொல்ல முடிந்த கேள்வி. செய்தி எழுதித் தரச் சம்மதம் வாங்கியதும் பேச்சை முடியுங்கள். கேள்விகளை மறுநாள் அனுப்புங்கள்.

5. கேள்விகள்

ஆறு கேள்வி போதும். இந்த வரிசையிலேயே அனுப்புங்கள்:

அ) கல்லூரியை விட்டு வந்த முதல் இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள்?
ஆ) இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள், அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?
இ) உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது?
ஈ) வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? விருப்பம் இருந்தால் மட்டும்.
உ) வகுப்பில் யாரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறீர்கள், எதற்காக?
ஊ) எங்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றுவது வேறு ஏதாவது?

முதல் கேள்வி படிப்பு முடித்த கையோடு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த இரண்டு வருஷம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தடுமாற்றமாகவே இருந்திருக்கும். டைப்ரைட்டிங் வகுப்பு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, டியூட்டோரியலில் பாடம் எடுத்தது, சென்னைக்கு வண்டி ஏறியது என்று எவரும் கூச்சமில்லாமல் தொடங்கலாம். 'தற்போதைய பதவி' என்று தொடங்கும் படிவம், பதவி இல்லாதவரை முதல் வரியிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

'திருமணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள்' என்று தனித்தனிக் கட்டம் போடாதீர்கள். திருமணம் ஆகாதவர், பிரிந்தவர், பிள்ளை இல்லாதவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் எல்லோரும் ஒரு வகுப்பில் இருப்பார்கள். 'வீட்டில் யார் யார்' என்று கேட்டால் அவரவர் தமக்குப் பிடித்த அளவில் பதில் சொல்லலாம். 'அம்மாவும் நானும்' என்பது நிறைவான பதில்.

அளவு 150 சொல் என்று சொல்லிவிடுங்கள். ஏ5 அளவுத் தாளில் இரண்டு படங்களோடு ஒரு பக்கத்துக்கு அடங்குவது அவ்வளவுதான். அளவு சொல்லாவிட்டால் ஒருவர் நான்கு வரி அனுப்புவார், இன்னொருவர் பத்துப் பக்கம் அனுப்புவார். பத்துப் பக்கத்தை வெட்டினால் அவருக்கு மனம் நோகும்.

கூகுள் படிவம் வசதிதான். ஆனால் படத்தையும் அதிலேயே ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பாதிப் பேர் அங்கே நின்றுவிடுவார்கள். படிவத்தில் எழுத்து மட்டும் கேளுங்கள், படத்தைத் தனியே வாங்குங்கள். குரல் பதிவையும் கட்டாயம் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடப் பேச்சை எழுதினால் ஏறக்குறைய 200 சொல் வரும், 150-க்குச் சுருக்கலாம். தட்டச்சு வராது என்று ஒதுங்குகிறவர்கள் குரலில் நன்றாகச் சொல்கிறார்கள். அஞ்சலட்டையில் எழுதி அனுப்புகிறவர் இருந்தால் அந்த எழுத்தையே படம் எடுத்துப் பக்கத்தில் சேருங்கள்.

நினைவூட்டல் ஏழாம் நாள் ஒன்று, இருபத்தொன்றாம் நாள் ஒன்று. இரண்டும் தனிச் செய்தியாகத்தான் போக வேண்டும். அதன் பின்னும் வராவிட்டால் வேறொருவர் அழைக்கட்டும். சில சமயம் தயக்கம் கேட்பவர் மீதுதான் இருக்கும். அன்றைக்குத் தேர்தலிலோ கபடியிலோ வந்த மனத்தாங்கல் இன்னும் ஆறாமல் இருக்கலாம்.

6. "சொல்ல ஒண்ணுமில்லப்பா"

அதிகம் கேட்கப்போகும் பதில் இதுதான். இந்த இடத்தில் விட்டுவிட்டால் தொகுப்பு வெறும் பதவிப் பட்டியலாகிவிடும். இந்தப் படிக்கு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

இப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் ஊரோடு இருப்பவர். அப்பா இறந்ததும் வயலைப் பார்க்க வந்தவர், கடை வைத்திருப்பவர், வேன் ஓட்டுபவர், பி.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். மற்றவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறார். எழுதித் தரச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். 'நீங்க பேசுங்க, நான் எழுதிக்கிடுதேன்' என்று பதினைந்து நிமிடம் கேளுங்கள். இ) கேள்வியில் தொடங்குங்கள். விடியக்காலம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், முதலில் எங்கே போகிறார், இந்தப் பூவுக்கு (நெல் பருவத்துக்கு) கார் நடவா பிசான நடவா, தண்ணீர் வந்ததா என்று கேட்டால் செய்தி தானாக வரும்.

எழுதும்போது அவர் சொன்ன பொருளை அப்படியே எழுதுங்கள். 'எளிய வாழ்க்கை வாழ்ந்தாலும்', 'வறுமையிலும் செம்மையாக' என்பதுபோல நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். அந்தச் சொற்கள் அவரை மற்றவர்களிடமிருந்து தள்ளிவைக்கும். அளவுக்கு ஒரு மாதிரி:

"டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் பரீட்சை எழுதினேன். அப்பாவுக்கு முடியாமப் போகவும் ஊருக்கு வந்துட்டேன். தாமிரபரணிப் பாசனத்துல ரெண்டு ஏக்கர் இருக்கு. காலையில நாலரைக்கு மாட்டுக்குத் தண்ணி வச்சிட்டு வயலுக்குப் போவேன். சாயங்காலம் ஊர் நூலகத்தைத் திறந்து வைக்கிறது என் பொறுப்பு. வகுப்புல எனக்கு ரெக்கார்டு நோட்டு வரைஞ்சு குடுத்தவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சாச் சொல்லுங்க."

எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் ஒரு வரியை எடுக்கச் சொன்னால், அது எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிராக, சாதனைப் பட்டியல் அனுப்புகிறவரும் உண்டு. விருது, பதவி உயர்வு, வெளிநாட்டுப் பயணம் என்று முப்பது வரி வரும். அவரிடமும் அதே ஆ) இ) கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். கேட்டால் தருவார்.

7. திருத்தமும் படமும்

பக்க வரிசை வகுப்பு எண் வரிசையாகவே இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் கூப்பிட்ட அந்த வரிசையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பதவி வரிசையும் நன்கொடை வரிசையும் கூடாது.

பேச்சு நடையை மாற்றாதீர்கள். எழுத்துப்பிழை மட்டும் திருத்துங்கள். பிள்ளைகளின் மதிப்பெண், வரன் விவரம், கட்சிப் பிரசாரம், வணிக விளம்பரம் ஆகியவற்றை எல்லோருக்கும் ஒரே விதியாக நீக்குங்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்தவருக்குச் சொல்ல வாய் இருக்காது. ஒருவர் மற்றொருவரைப் பற்றி எழுதிய வரி இருந்தால் அந்த மற்றவரிடமும் காட்டிவிடுங்கள்.

படம் இரண்டு: அன்றைய முகம், இன்றைய முகம். இன்றைய படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கி அச்சில் மங்கும். அன்றைய முகத்தைக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுக்கலாம். கைபேசியில் படம் பிடித்தால் டியூப்லைட் வெளிச்சம் பளபளத்து நாலைந்து முகத்தை அழித்துவிடும். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். முகம் 1 செ.மீ. உயரம் என்றால் ஸ்கேனில் சுமார் 236 புள்ளி வரும். அச்சுக்கு 300 டிபிஐ வேண்டும் என்பதால் அதை 2 செ.மீ.க்கு மேல் பெரிதாக்க வேண்டாம்.

ஒவ்வொரு கோப்புக்கும் வகுப்பு எண்ணையே பெயராக வையுங்கள். மூன்று இசக்கிமுத்து இருக்கும் தொகுப்பில் படம் மாறினால் அச்சான பிறகு சரிசெய்ய வழியில்லை.

8. மறைந்தவர்கள்

'அவன் போயிட்டான்' என்று ஒருவர் சொன்னதை வைத்து எழுதிவிடாதீர்கள். ஒரே பெயர்க்காரர்கள் இருக்கும் ஊரில் உயிரோடு இருப்பவரை மறைந்தவராக எழுதிவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. தொடர்பில்லாத இரண்டு பேரிடம் கேட்டு, பிறகு குடும்பத்தாரிடம் உறுதி செய்யுங்கள்.

குடும்பத்தாரிடம் தொலைபேசியில் கேட்காமல் ஊரில் இருப்பவர் நேரில் போய்வரட்டும். குரூப் போட்டோவின் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பல வீடுகளில் அந்த வயதுப் படமே இருக்காது. மரணத்தின் காரணத்தைக் கேட்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். பெயர், ஊர், மறைந்த ஆண்டு, கூடப் படித்த இருவர் எழுதும் நாலு வரி நினைவு ஆகியவை போதும். அவர் பக்கமும் வகுப்பு எண் வரிசையில் அவர் இடத்திலேயே இருக்கட்டும். கடைசியில் தனிப் பகுதியாக ஒதுக்க வேண்டாம்.

9. ஒப்புதல்

பக்கம் தயாரானதும் அச்சில் வரப்போகிற வடிவத்திலேயே அவரவருக்கு அனுப்பி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: முழுப் பக்கமும் போடலாம், பெயரும் ஊரும் மட்டும் போடலாம், எதுவும் வேண்டாம். கைபேசி எண்ணுக்குத் தனி ஒப்புதல்.

பத்து நாள் கெடு. பதில் இல்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெயரோடு நிறுத்துங்கள். முன்பு உற்சாகமாகப் பேசியவர் பக்கத்தைப் பார்த்ததும் பின்வாங்குவது உண்டு. அச்சுக்குப் போகும் முன் இது தெரிவதற்காகத்தான் இந்தப் படி.

10. அச்சும் பகிர்வும், அதன் பிறகு குழுவும்

வெளியிடும் நாளைக் குற்றாலச் சீசனோடு சேர்த்து வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வளைகுடாப் பள்ளிகளுக்கு விடுமுறை, அங்கிருப்பவர்கள் ஊரில் இருப்பார்கள். மே மாதம் சென்னைக்காரர்களுக்கு மட்டுமே வசதி.

நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை 4-ன் மடங்காக இருக்க வேண்டும். 60 பக்கம் ஆள்களுக்கு, மீதி 12 பக்கம் முகப்பு, குரூப் போட்டோ, கிடைக்காதவர் பட்டியல் ஆகியவற்றுக்கு, ஆக 72. எழுத்துரு பற்றி அச்சகத்தில் முன்பே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது யூனிகோட், அதாவது எல்லாக் கைபேசிக்கும் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு; சில அச்சகங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைப்பார்கள். மாற்றும்போது கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஆகியவை உடையும். புரூஃபில் இவற்றை மட்டும் ஒரு முறை தனியாகத் தேடிப் பாருங்கள்.

அச்சுச் செலவை யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அறிவிக்காமல் ஒருவரே வாங்கிக் கணக்கு வைக்கட்டும். பணம் தராதவருக்கும் அதே பிரதி, அதே நாளில்.

பிடிஎஃப் கோப்பில் கைபேசி எண்களைச் சேர்க்காதீர்கள். பிடிஎஃப் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. எண்கள் தனித்தாளில், ஒப்புக்கொண்டவர்களுக்குள் மட்டும் இருக்கட்டும்.

எல்லோரும் தொகுப்பைப் படித்த ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப் குழுவைத் தொடங்குங்கள். யாரையும் நேரடியாகச் சேர்க்காமல் இணைப்பை அனுப்புங்கள். இப்போது ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியும் என்பதால் பேச்சு பதவியில் தொடங்காது. 'நூலகம் எத்தனை மணிக்குத் திறக்க?' என்று தொடங்கும். பார்வேர்டுக்கு இடமில்லை என்பதை முதல் நாளே எழுதுங்கள். அது நிற்கவில்லை என்றால் அட்மின் மட்டும் அனுப்பும் அமைப்புக்கு ஒரு வாரம் மாற்றிவையுங்கள்.

11. வருஷா வருஷம்

ஒரு மாதத்தைக் குறித்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரே கேள்வி அனுப்புங்கள்: 'போன பக்கத்தில் எது மாறியிருக்கிறது?' மாறாதவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. எண் மாற்றம், ஊர் மாற்றம், பணி ஓய்வு, வீட்டு விசேஷம் ஆகியவை ஒரு தாளில் அடங்கும். முழுத் தொகுப்பு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போதும்.

பட்டியலும் படங்களும் இரண்டு பேரிடம் இரண்டு ஊரில் இருக்கட்டும். ஒருங்கிணைப்பாளர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாறட்டும். ஒரே ஆள் தொடர்ந்தால் அவர் நோய்வாய்ப்படும் ஆண்டில் எல்லாம் நின்றுவிடும்.

அச்சடிக்கும்போது பத்துப் பிரதி கூடுதலாக எடுத்து, 'தொடர்பு இல்லை' என்று குறித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றிலும் எழுதி, பாளையங்கோட்டையில் இருப்பவரிடம் கொடுத்துவையுங்கள். தொகுப்பு வெளியாகிச் சில மாதங்களுக்குள் இரண்டு மூன்று பேர் தாமாகவே அழைப்பார்கள். அவர்களுக்கு அன்றைக்கே தபாலில் அனுப்பப் பிரதி கையில் இருக்க வேண்டும்.